ஜாவாவின் மேலங்கி: திரைப்பட உருவப் பொம்மைகளில் அளவும் விலையும்

சிற்றுருக்களைச் சேர்ப்பது பற்றி எழுதப் புகுவோர் பலரும் சூசன் ஸ்டூவர்ட்டின் 'ஆன் லாங்கிங்' (1984) நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், மறுப்பதற்காக. சிற்றுரு தனிமனிதரின் அகவெளிக்கும், பேருரு பொதுவாழ்வுக்கும் அதிகாரத்துக்கும் உருவகம் என்பது அவர் வாசிப்பு. நினைவுப்பொருள் கடந்த காலத்துக்குச் சாட்சி சொல்கிறது; சேகரிப்போ காலத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் வகைப்பாட்டை உட்கார வைக்கிறது. பொருளைச் செய்த கைகளின் உழைப்பும் சேகரிப்பில் மறைந்துபோகிறது என்கிறார்.

இந்த வாசிப்புக்குச் சிங்கப்பூரிலேயே ஆதரவு உண்டு. சியா ஸ்திரீட்டில் உள்ள மிண்ட் பொம்மை அருங்காட்சியகத்தின் பெயரை விரித்தால் அதில் 'கற்பனை', 'ஏக்கம்' என்னும் இரு சொற்களும் கிடைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தகரப் பொம்மையைப் பார்த்து இளமையை நினைத்து உருகுபவரை ஸ்டூவர்ட் சரியாகவே விளக்குகிறார். ஆனால் அவர் காட்டும் முதன்மைச் சான்றுகள் உள்ளங்கைக்குள் அடங்கும் நூல்களும் பொம்மை வீடுகளும். அவற்றை வைத்துத் திரைப்பட உருவப் பொம்மைகளைப் படிக்கும்போது மூன்று இடங்களில் இடறுகிறது.

முதலாவது, அவருக்குச் 'சிறிது' என்பது 'பெரிது' என்பதற்கு எதிர்ச்சொல். அளவுகோல் மனித உடல். பாசிர் ரிஸ் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி வைத்திருப்பவருக்கோ எந்தச் சிறிது என்பதே கேள்வி. பதினெட்டில் ஒன்றா, பன்னிரண்டில் ஒன்றா, ஆறில் ஒன்றா? பன்னிரண்டில் ஒன்றாக அமைந்த வீரனைப் பதினெட்டில் ஒன்றான வாகனத்தருகே நிறுத்தினால் காட்சி உடனே குலைந்துவிடும். அளவு இங்கே பொம்மைக்கும் பார்ப்பவருக்கும் இடையில் மட்டும் இருப்பதன்று. பொம்மைக்கும் பொம்மைக்கும் இடையிலான ஒப்பந்தமும் அதுதான். இரண்டாவது, விலை. மூன்றாவது, உழைப்பு. இவ்விரண்டையும் ஒரே ஒரு பாடபேதத்தைக் கொண்டு ஆராய முயல்கிறேன்.

வினைலும் துணியும்

கென்னர் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக முதலில் வெளியிட்ட உருவங்கள் 12. மனித உருவங்கள் ஏறத்தாழ மூன்றேமுக்கால் அங்குலம். 1964இல் வந்த ஜி.ஐ. ஜோ பதினொன்றரை அங்குலம் என்பதை நினைத்தால் இந்தச் சுருக்கம் எவ்வளவு பெரிய முடிவு என்பது விளங்கும். எண்ணெய் நெருக்கடியால் பிளாஸ்டிக் விலை ஏறியதே காரணம் என்பார்கள். விண்கலத்துக்குள் ஆளை உட்காரவைக்க வேண்டுமானால் ஆள் சிறுக வேண்டும் என்ற காரணமும் அதே அளவு வலுவானது. கென்னரே பின்னர் 12 அங்குல வரிசை ஒன்றையும் இறக்கியது. அது 1980க்கு அப்பால் நிலைக்கவில்லை. சிறிய வரிசை 1985 வரை ஓடியது.

அந்தப் பன்னிரண்டில் ஒருவர் ஜாவா; முக்காடிட்ட குள்ள வணிகர். பொம்மையின் உயரம் சுமார் இரண்டேகால் அங்குலம். இந்த வரிசை பதினெட்டில் ஒன்று அளவு என்பதால் பதினெட்டால் பெருக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். படத்தின் ஜாவாக்களும் அவ்வளவுதான். அதே பன்னிரண்டில் உயரமானவரான சூபாக்காவின் கதை வேறு. அந்த வேடமேற்ற பீட்டர் மேஹ்யூ 2.2 மீட்டர் உயரம். பொம்மை நாலேகால் அங்குலம்தான். அதாவது இரண்டு மீட்டரைக்கூட எட்டாத சூபாக்கா. உயரமானவரை அட்டைக்கு ஏற்பக் குறைத்தவர்கள், குள்ளரை அட்டைக்கு ஏற்ப உயர்த்தவில்லை. இருவருக்கும் ஒரே வகை அட்டை, ஒரே விலை.

இங்கேதான் பாடபேதம் நுழைகிறது. முதலில் வந்த ஜாவாவுக்கு வினைல் மேலங்கி. பிறகு துணி மேலங்கி. மற்றவர்களுக்குக் கொடுக்கும் காசையே கொடுத்து வாங்கும் இந்தக் குட்டி உருவம் மலிவாகத் தெரிந்ததால், துணி போர்த்தி 'மதிப்பு' கூட்டினார்கள் என்பது சேகரிப்பாளர் மரபில் வழங்கும் விளக்கம். வாய்மொழியாக வரும் விளக்கத்தை ஆய்வாளர் அப்படியே விழுங்கக்கூடாதுதான். வினைல் கிழியும், குழந்தைகள் தொலைத்துவிடுவார்கள் என்று வேறு காரணமும் கற்பிக்கலாம்.

ஆனால் எஞ்சிய உருவங்களைப் பாருங்கள். டார்த் வேடர், பென் கெனோபி, இளவரசி லேயா, மணல்வாசி ஆகிய நால்வருக்கும் வினைல் மேலங்கிதான், அவை மாறவில்லை. குறை வினைலில் என்றால் ஐவருக்கும் மாறியிருக்க வேண்டும். ஐவரில் மிகச் சிறியவருக்கு மட்டும் மாறியிருக்கிறது. உயரத்தைத் தவிர இந்த விலக்குக்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. உயரத்தில் விட்டுக்கொடுத்ததைத் துணியில் ஈடுகட்டியிருக்கிறார்கள். அளவையும் விலையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பின்னாளில் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்ததன்று. 1978இலேயே அது பொம்மையின் உடையில் தைக்கப்பட்டுவிட்டது.

மாற்றம் எந்த மாதம் நிகழ்ந்தது என்று என்னால் அறுதியிட முடியவில்லை. முதல் ஆண்டுக்குள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வினைல் ஜாவா இன்று ஆயிரக்கணக்கான டாலர் பெறுவதால், கெனோபியின் மேலங்கியை வெட்டிச் சுருக்கி ஜாவாவுக்குப் போர்த்தும் மோசடியும் உண்டு. அதாவது உயரமானவரின் உடையைக் குள்ளருக்கு அணிவித்து விலையை ஏற்றுகிறார்கள்.

காலில் ஒரு சாசனம்

பாசிர் ரிஸ்ஸில் எனக்குப் பழக்கமான சேகரிப்பாளத் தம்பி ஒருவர், துணி மேலங்கி ஜாவாவை என் கையில் கொடுத்தபோது சொன்ன முதல் சொல்: "அண்ணே, முகத்தைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க." பூதக்கண்ணாடிக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன: ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977, ஹாங்காங். முதற்குறிப்பு ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப். கென்னரை 1967இல் வாங்கிய ஜெனரல் மில்ஸ் மாவும் காலை உணவுத் தானியமும் விற்ற நிறுவனம்.

இந்த ஆண்டை நம்பி ஏமாந்தவர்கள் பலர். 1977 கிறிஸ்துமஸுக்குக் கடையில் கிடைத்தது பொம்மை இல்லாத உறையும் ஒரு சீட்டும்தான். சீட்டை அனுப்பியவர்களுக்கு லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கும் 1978இல் தபாலில் வந்தன. 1983இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' அட்டையில் விற்ற வேடரின் காலிலும் 1977தான். அது உரிமை பெற்ற ஆண்டு, வார்த்த ஆண்டன்று. கோயில் திருப்பணியின்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுக்கல்லில் வெட்டியது போன்ற நிலை: சொல்லும் காலம் ஒன்று, உளி பட்ட காலம் வேறு. வார்ப்பு வேறு நாட்டுக்குப் போனபோது நாட்டின் பெயர் மாறியதுண்டு. சுரண்டி அழிக்கப்பட்டதும் உண்டு. பெயர் அழிந்த கால்களின் காலவரிசை இன்னும் தீராத வழக்கு.

ஸ்டூவர்ட்டுக்கு என் மறுமொழி இந்தக் காலில் இருக்கிறது. உழைப்பை மறக்க விரும்பும் சேகரிப்பாளர் பொம்மையைத் திருப்பி எந்த ஆலையில் வார்த்தார்கள் என்று தேடுவானேன்? ஹாங்காங்கா, தைவானா என்ற கேள்வியே இங்கே விலையை முடிவு செய்கிறது. வகைப்பாடு வரலாற்றைத் துரத்தவில்லை. வரலாற்றை எண்ணி அடுக்குகிறது.

இன்றைய தராசு

அண்மை ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டியல் விலை இப்படி இருந்தது: ஹாஸ்ப்ரோவின் மூன்றேமுக்கால் அங்குல விண்டேஜ் கலெக்ஷன் 16.99 டாலர், ஆறு அங்குல பிளாக் சீரிஸ் 24.99 டாலர் (2013இல் 19.99). ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் செய்யும் ஆறில் ஒன்று அளவு உருவங்கள் பெரும்பாலும் 250 முதல் 300 டாலர். பதினெட்டில் ஒன்றிலிருந்து பன்னிரண்டில் ஒன்றுக்குப் போனால் உயரம் ஒன்றரை மடங்கு, கன அளவு மூன்று மடங்குக்கும் மேல். விலையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விலை உயரத்தோடு நடக்கிறது. அடுத்த படியில் உயரம் இரு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு; விலை பத்து மடங்குக்குக் குறையாது. இங்கே நடிகரின் சாயல், கையால் தீட்டிய முகம், தைத்த உடை ஆகியவற்றுக்குப் பணம் போகிறது. ஜாவாவுக்குத் துணி போர்த்திய தர்க்கம் முழுத் தொழிலாக வளர்ந்த கட்டம் இது. மூன்றே புள்ளிகளை வைத்து விதி வகுக்கக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிளவு எங்கே விழுகிறது என்பது மட்டும் தெளிவு.

சிங்கப்பூரில் இதோடு வரியும் இடமும் சேரும். 400 வெள்ளிக்கு உட்பட்டு வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. தரையிடமோ அளவின் வர்க்கத்தில் பெருகும்: ஆறில் ஒன்று உருவம் ஒன்று நிற்கும் இடத்தில் பன்னிரண்டில் ஒன்று உருவங்கள் நான்கு நிற்கும்.

தேக்காவில் நவராத்திரிக்கு முன் கொலு பொம்மை வாங்கும் நம் வீட்டாருக்கு இந்தக் கணக்கு புதிதன்று. உயரம் பார்த்துத்தான் விலை. ஆனால் கொலுப்படியில் செட்டியாரும் கிரிக்கெட் வீரரும் கருடசேவையும் ஒரே அளவில் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. உத்தம தசதாலம் என்னும் சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரத்தை 124 கூறுகளாகப் பகுக்கும் சிற்பியும் ஓர் உருவத்துக்குள் விகிதம் பார்த்தாரே தவிர, உருவங்களுக்கிடையே ஒரே அளவை வற்புறுத்தவில்லை. திரைப்பட உருவப் பொம்மைகளிலோ உருவங்களுக்கிடையிலான ஒப்பந்தமே முதன்மை பெறுகிறது. அதைச் 'சிற்றுரு' என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது என்பதே என் முடிவு.

சேகரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பொம்மையை விற்கும்போதும் மாற்றும்போதும் காலெழுத்தைப் படமெடுத்து வையுங்கள். உயரத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.