தண்டுவட மரப்பு நோயில் அறிதிறன் மதிப்பீடு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோயில் எது அளக்கப்படுகிறதோ, அதுவே அந்நோயின் இயல்பாகக் கருதப்பட்டுவிடுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1868-இல் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இந்நோயை வரையறுத்து விளக்கிய ஷான் மார்ட்டின் ஷார்கோ, நோயாளரின் நினைவாற்றல் தளர்வதையும் கருத்துகள் மெதுவாக உருவாவதையும் பதிவுசெய்தார். எனினும் அவற்றை அளக்கும் கருவி அன்று இல்லை. 1955-இல் ஜான் கர்ட்ஸ்கி வகுத்து 1983-இல் விரிவாக்கிய இயலாமை அளவுகோல், மனச்செயற்பாட்டையும் ஒரு கூறாகக் கொண்டது. ஆயினும் அதன் உயர்படிகளை நடக்கும் திறனே பெரிதும் தீர்மானித்தது. தடையின்றி நடப்பவரின் நினைவுக் குறைபாடு இதனால் கணக்கில் வரவில்லை.

1991-இல் ஸ்டீபன் ராவ் குழுவினர் 100 நோயாளரை நலமுடைய 100 பேருடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அறிதிறன் குறைபாட்டின் அளவு 43 விழுக்காடு எனக் கணித்தனர். குறைபாடுடைய நோயாளர், அஃதில்லாத நோயாளர் என்னும் இரு பிரிவினரும் உடல் இயலாமையில் ஒத்திருந்தனர். ஆயினும் முதற்பிரிவினருள் பணியில் இருந்தோர் குறைவு. பணியிழப்பின் காரணத்தைக் கால்களில் மட்டுமே தேடலாகாது என்பது இதனால் தெளிவாயிற்று.

2012-இல் பன்னாட்டு வல்லுநர் குழு, ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடியும் சோதனைத் தொகுதியைப் பரிந்துரைத்தது. குறியீடுகளுக்குரிய எண்களை 90 வினாடிகளில் இயன்றவரை கூறுதல், சொற்பட்டியலைக் கற்றல், உருவங்களை நினைவுகூர்தல் ஆகியன அதன் உறுப்புகள். இவற்றுள் சொற்பட்டியல் மொழி சார்ந்தது. அதனை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, அம்மொழியினரிடையே தரப்படுத்தவும் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், ஷார்கோ கண்டது அம்மொழி பேசுவோரிடம் மீண்டும் அளக்கப்படாமலே போகும்.