பட்டாபிஷேகம் இல்லாத முடிவுகள்
நாஞ்சில் நாட்டில் தொடர்கதையைக் கண்ணால் பார்க்கும் வழக்கம் தொலைக்காட்சிக்கு முந்தியது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் ஊர் ஊராகச் சென்று, தோல்பாவைக்கூத்தில் ராமாயணத்தைப் பல இரவுகளுக்குப் பகுத்து நடத்தின. விளக்கொளி விழுந்த வெள்ளைத் திரையில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் அடித்த கூத்துக்காகவே பலர் காத்திருந்தனர். கடைசி இரவு ராமர் பட்டாபிஷேகம் என்பது குழந்தைக்கும் தெரியும். கதை முடிவதே ஒரு கொண்டாட்டம்.

சினிமாவும் தொலைக்காட்சியும் பரவியபின் கூத்து ஒடுங்கியது. 1999இல் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’ தொடர், இரவு ஒன்பதரை மணியை வீட்டின் நேரமாக்கியது. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டியது. இவை எப்போது முடியும் என்பது பார்ப்பவர் கையில் இல்லை. பார்வையாளர் அளவீடும் விளம்பர வருவாயும் அதை முடிவுசெய்தன. 2020இல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது, ரேவதி நடித்த ‘அழகு’ பாதியிலேயே நின்றது.

இத்தகைய முடிவுகளில் மிக அதிகம் பேசப்பட்டது இயக்குநர் திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ முடிவுதான். அதில் ஆதி குணசேகரனாக மிரட்டிய நடிகர் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அந்த வேடத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். 2024 ஜூனில் தொடர் முடிந்தபோது, அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் சமூக ஊடகங்களில் குமுறினர். அந்த ஆதங்கம் நியாயமானது. வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த மருமகள்கள் நிமிர்வதைக் காணவே இரண்டு ஆண்டுக்கு மேல் பார்த்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ ஒளிபரப்பானது, நாயகி ஜனனியாக வேறொரு நடிகையுடன்.