இடுப்பு முறிவு ஆணிகள்

முதியவர்களுக்கு நேரும் இடுப்பு முறிவுகளில் ஏறக்குறைய பாதி, தொடையெலும்பின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, ட்ரோகான்டர் என்னும் புடைப்புகளின் வழியாக உண்டாகின்றன. இவற்றைப் பொருத்தப் பயன்படும் ஆணிக்கு இரண்டு பாகங்கள். ஒன்று, தொடையெலும்பின் உட்குழிக்குள் மேலிருந்து இறங்கும் தண்டு. மற்றது, தண்டின் துளை வழியே கழுத்தைக் கடந்து எலும்புத் தலைக்குள் ஏறும் திருகு. ‘ராடு வைத்திருக்கிறார்கள்’ என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எலும்பின் குழிக்குள் ஆணி இறக்கும் முறையை 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் தொடங்கிவைத்தார். ஆனால் இடுப்பு முறிவுக்கு நெடுங்காலம் கோலோச்சியது, எலும்பின் வெளிப்பக்கத்தில் பிளேட்டும் கழுத்துக்குள் சறுக்கும் திருகும் கொண்ட கருவிதான். உள்ளே நிற்கும் ஆணி உடல் எடை இறங்கும் பாதைக்கு அருகில் இருப்பதால் அதன் மேல் விழும் வளைவு விசை குறைவு. இந்தக் கணக்கில்தான் 1980களின் இறுதியில் காமா ஆணி புழக்கத்துக்கு வந்தது.

கணக்கு சரி, தொடக்கம் சரியில்லை. முதல் தலைமுறை காமா ஆணி தடிமனானது. மேற்பகுதியில் 10 பாகை வளைவு கொண்டது. அதன் நுனி முட்டிய இடத்தில் தொடையெலும்பே உடைந்த நிகழ்வுகள் கணிசமாக இருந்தன. காமா-3இல் வளைவு 4 பாகையாகவும், மேற்பகுதி விட்டம் 17இலிருந்து 15.5 மி.மீ. ஆகவும், திருகு 12இலிருந்து 10.5 மி.மீ. ஆகவும் குறைந்தன. அந்தச் சிக்கலும் வெகுவாகக் குறைந்தது.

1990களில், எலும்பு முறிவு சிகிச்சைக்கான ஏஓ அமைப்பு வடிவமைத்த பி.எஃப்.என். ஆணியில், எலும்புத் தலை சுழலாதிருக்க இரண்டாவதாக ஒரு மெல்லிய திருகு மேலே சேர்ந்தது. அதுவே புதுத் தலைவலியானது. சில நோயாளிகளுக்கு மேல் திருகு உள்நோக்கி நகர்ந்து மூட்டைத் துளைக்க, கீழ் திருகு பின்வாங்கித் தொடைத் தோலுக்கடியில் துருத்தியது. இதற்கு ‘இசட் விளைவு’ என்று பெயர். இதற்கு நேர்மாறாக, மேல் திருகு பின்வாங்கிக் கீழ் திருகு உள்நோக்கி நகர்வதும் உண்டு. உள்நாட்டுத் தயாரிப்புகள் கிடைப்பதால் இந்தியாவில் இவ்வகை இன்றும் பரவலாக வைக்கப்படுகிறது.

அடுத்து வந்த பி.எஃப்.என்.ஏ. இரண்டு திருகுகளையும் விட்டுவிட்டு முறுக்கிய ஒற்றை அலகை வைத்தது. இதைத் திருகுவதில்லை, தட்டி இறக்குகிறார்கள். அப்போது சுற்றியுள்ள பஞ்சுபோன்ற எலும்பு வெளியே வராமல் இறுகுவதால், எலும்பு மெலிந்தவர்களுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கிறது. அலகு நேராக மூட்டுக்குள் ஊடுருவிவிடுவது இதற்கே உரிய ஆபத்து. ஆசியர்களின் எலும்புக்கேற்ப வளைவை 5 பாகையாக்கி, வெளிப்பக்கத்தைத் தட்டையாக்கியது பி.எஃப்.என்.ஏ.-2. இன்டர்டான் ஆணியோ மீண்டும் இரட்டைத் திருகுக்குத் திரும்பியது. ஆனால் இரண்டின் மரைகளும் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் தனித்தனியே நகர முடியாது. சுழற்சியைத் தடுப்பதில் வலுவானது. வைப்பதற்கு நேரம் கூடுதல்.

முறிவு நிலையாக இருந்தால் பிளேட்டே போதும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011இல் பெரும்பாலான ட்ரோகான்டர் முறிவுகளுக்கு அதையே முதலில் பரிந்துரைத்தது, விலையும் குறைவு. முறிவுக் கோடு தலைகீழ்ச் சாய்வாக ஓடினாலோ, சிறு ட்ரோகான்டருக்குக் கீழே இறங்கினாலோ, வெளிச்சுவர் மெலிந்திருந்தாலோ ஆணியே மேல்.

எந்த ஆணி என்ற விவாதத்தில் அடிக்கடி விட்டுப்போவது, திருகின் நுனி எங்கே நிற்கிறது என்பது. பாம்கார்ட்னரும் சகாக்களும் 1995இல் ஓர் அளவைக் கொடுத்தார்கள்: முன்பின், பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் திருகு நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரங்களின் கூட்டல். இது 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த 120 திருகுகளில் ஒன்றுகூடத் தலையைக் கிழித்து வெளியேறவில்லை. நவீன ஆணிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் நடமாட்டத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. உடைந்த எலும்பைச் சரியாக நிமிர்த்தாமல் உள்சாய்வாக விட்டால் எந்த ஆணியும் தோற்கும்.

ஆணியின் நீளத்திலும் இரு கட்சி உண்டு. குட்டை ஆணிக்கு அறுவை நேரமும் ரத்த இழப்பும் குறைவு. நெடிய ஆணி தண்டெலும்பு முழுவதற்கும் காப்பு. ஆனால் தொடையெலும்பு முன்புறம் அதிகம் வளைந்தவர்களுக்கு அதன் நுனி முழங்காலுக்கு மேலே முன்சுவரில் முட்டக்கூடும். தொல்லை தராதவரை, முதியவர்களுக்கு வைத்த ஆணியைப் பொதுவாக எடுப்பதில்லை.