தலையெழுத்தா, கையெழுத்தா?

அரியலூரின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்; அதனை நம்பிச் சிமெண்டு ஆலைகள். அடுத்துள்ள பெரம்பலூரிலும் ஆலை வேலையால் அடுப்பெரியும் வீடுகள் பல. அவ்வாலைகளுள் ஒன்று நாளை மூடப்பட்டால்? “தலையெழுத்து” என்பர் வைதிகர். தலையெழுத்தன்று, முதலாளியின் கையெழுத்து என்கிறோம் நாம்!

ஆட்குறைப்புக்கு இழப்பீடு தரும் சட்டம் 1953-இல் வந்தது. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, தொழிலையே மூடிவிடுதல் ஆட்குறைப்பு ஆகாது எனத் தீர்ப்பளித்தது. பத்துப் பேரை நீக்கினால் இழப்பீடு. அத்தனை பேரையும் நீக்கினால் இல்லை! விந்தையன்றோ? 1957-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: மூடினாலும், பணியாற்றிய ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம்.

இழப்பீடு சில மாதம் உலை கொதிக்க உதவும். புதுத் தொழில் கற்றுத் தராது. மறுபயிற்சிக்கும் உதவவென 1992-இல் நடுவணரசு அமைத்த தேசியப் புதுப்பிப்பு நிதி, பெரும்பாலும் விருப்ப ஓய்வுக்கே செலவாயிற்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, நீக்கப்பட்டவர் புதுத்திறன் பெற 15 நாள் ஊதியத்துக்கு நிகரான நிதி தருகிறது. ஆனால், ஆட்குறைப்புக்கு மட்டுமே! 1957-இல் அடைத்த ஓட்டை மீண்டும் திறந்துகொண்டது.

தோண்டத் தோண்டச் சுண்ணாம்புக்கல்லும் ஒருநாள் தீரும். அந்நாள் வருமுன் மூடலுக்கும் பயிற்சி நிதி உண்டெனச் சட்டம் செய்க! தோழர்களே, நாம் கேட்பது பிச்சையன்று, உரிமை!