பாதை வந்திட்டுதோ?

கொழும்பில் காலி வீதி, கொள்ளுப்பிட்டிப் பகுதியில் ஒருவழிப்பாதை. எதிர்த்திசையில் போகவேண்டியவர் பக்கத்தில் சமாந்தரமாக ஓடும் ஆர். ஏ. டி மெல் மாவத்தையைப் பிடிக்கவேண்டும். அங்கே பாதை கிடக்கும், வாகனம் ஓடும். யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்காவற்றுறையில் பாதையே ஓடும். இறங்குதுறையில் சைக்கிளோடு நிற்பவர் “பாதை வந்திட்டுதோ?” என்று கேட்பார். “அங்கால கரையில நிக்குது” என்று பதில் வரும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றியிறக்கும் தட்டையான மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். செய்தித்தாள்கள் ‘கடற்பாதை’ என்று எழுதும். அது நின்றுவிட்டால், கண்ணுக்கெட்டிய அக்கரைக்குப் போக பண்ணைத் தாம்போதி, யாழ்ப்பாண நகரம், பொன்னாலைத் தாம்போதி என்று சுற்றவேண்டும்.

வழியைக் குறிக்கும் வடசொல் ‘பத’வோடு உறவுள்ளதாகக் கருதப்படும் பாதை, நீரில் இறங்கியது எப்படி? வழிக்கும் நீருக்கும் ஒரே சொல்லை ஆள்வது தமிழுக்குப் புதிதல்ல. ‘ஆறு’ நதியுமாகும், வழியுமாகும். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. சிங்களத்திலும் வீதி ‘பார’, இந்த மிதவை ‘பாருவ’. ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு நிறுவப்பட்டதாகாது. ஆனாலும் இரண்டு மொழிகளிலும் வீதியும் மிதவையும் அருகருகே நிற்பது கவனத்துக்குரியது.

தீவகப் பேச்சில் நிலத்து வழிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: வீதி, தெரு, ஒழுங்கை, சாதாரணமாக றோட்டு. கடலை மேவிப் போட்டது தாம்போதி. ஆட்களைக் கொண்டுபோவது படகு, லோஞ்சு, வள்ளம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஆட்களை ஏற்றிப் போகிறவை படகுகள்தான். குமுதினிப் படகையோ 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகையையோ யாரும் பாதை என்பதில்லை. அவற்றில் ஆள் ஏறுவார், பொருள் ஏறும். பாதையிலோ மோட்டார் சைக்கிளும் வானும் ஓடிவந்த கையோடு ஏறி, மறுகரையில் இறங்கி ஓடும். வீதி முடியும் இடத்தில் தொடங்கி, அடுத்த வீதி தொடங்கும் இடத்தில் அது முடிகிறது. அதை நடத்துவதும் வீதி அபிவிருத்தி அதிகார சபையே. ஆகவே இது வெறும் உருவகம் அல்ல. வீதியின் ஒரு துண்டுதான் மிதக்கிறது.

பாதை வந்து நிற்கும் கரைக்குப் பழைய சொல் ‘துறை’. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊர்காவற்றுறையை ஊராத்துறை என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மற்றைய மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கலமானால் பாதிக்குப் பாதி என்பது அதிலுள்ள விதி. போர்த்துக்கேயர் துறையைத் தங்கள் மொழியில் ‘காய்ஸ்’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது ‘கைற்ஸ்’ ஆனது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை இதே நீரிணையில் நிற்கிறது.

பாதைகள் வேறிடங்களிலும் ஓடின. அவற்றுக்குப் பதிலாகக் கிண்ணியாவில் 2009இலும், கேரதீவு–சங்குப்பிட்டியில் 2011இலும், மண்முனையில் 2014இலும் பாலங்கள் திறக்கப்பட்டன. மழைக்கும் காற்றுக்கும் காத்துக்கிடந்த மக்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பாலம் வந்த ஊரில் பிறக்கும் பிள்ளைக்குப் பாதை என்றால் தரையில் கிடப்பது மட்டுமே. பொருள் போனால் சொல்லின் அந்த அர்த்தமும் போய்விடும்.

ஆகவே ஈழத்துச் சொற்களைத் தொகுப்பவர்கள் இதற்குப் ‘படகு’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதி முடித்துவிடக்கூடாது. இரு கரை வீதிகளையும் தொடுத்து வாகனம் ஏற்றிச்செல்லும் மிதவை என்று எழுதவேண்டும். வீதியைத் தொடுப்பது என்ற பகுதியை விட்டுவிட்டால், அதற்குப் பாதை என்று ஏன் பெயர் வந்தது என்பது பின்னால் வருபவருக்கு விளங்காது.