மரவள்ளி தேமல் நோய்: இரு வைரஸ்கள் ஒரே செடியில் சேரும்போது என்ன நடக்கிறது?

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் பயிரிடப்படும் மரவள்ளியை நெடுங்காலமாகத் தாக்கிவருவது தேமல் நோய். இலைகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தோன்றும், இலைகள் சுருங்கி உருமாறும், கிழங்கு சிறுக்கும்.

இந்நோய்க்குக் காரணமாக இந்தியாவில் இரண்டு வைரஸ்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்று இந்திய மரவள்ளி தேமல் வைரஸ்; மற்றொன்று இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ். பெயரைக் கொண்டு இரண்டாவதை அயல்நாட்டுச் சரக்கு என எண்ணிவிடக் கூடாது. கேரளம், தமிழ்நாடு ஆகியவற்றில் பரவலாகக் காணப்படுவது அதுவே.

இவ்வைரஸ்களின் மரபணுத் தொகுதி 'ஏ', 'பி' என இரு தனித்தனி டிஎன்ஏ வளையங்களாக அமைந்துள்ளது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 மரபெழுத்துகள் கொண்டது. பெருகுவதற்கும் புற உறைக்கும் வேண்டிய மரபணுக்கள் 'ஏ' வளையத்தில் உள்ளன. செடிக்குள் பரவ உதவுபவை 'பி' வளையத்தில் உள்ளன. இரு வைரஸ்கள் ஒரே செல்லில் நுழைந்து நகலெடுக்கப்படும்போது, ஒன்றின் துண்டு மற்றொன்றுடன் ஒட்டிக்கொள்வதுண்டு. இதுவே மறுசேர்க்கை. சிறு பிழைகளால் படிப்படியாக நேரும் திடீர்மாற்றத்தைப் போலன்றி, ஒரே தாவலில் புதிய வகை பிறக்க இது வழிசெய்கிறது.

இலங்கை வைரஸே இதற்குச் சான்று. 2002-ல் வெளியான ஆய்வின்படி, இரு வைரஸ்களின் 'ஏ' வளையங்கள் 84 சதவீதமே ஒத்துள்ளன. 'பி' வளையங்களோ 94 சதவீதம் ஒத்துள்ளன. ஒற்றை வளையத்துடன் வாழ்ந்த ஒரு வைரஸ், இந்திய வைரஸின் 'பி' வளையத்தை மறுசேர்க்கை மூலம் தனதாக்கிக்கொண்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

இத்தகைய கலப்பு எவ்வளவு கேடு செய்யும் என்பதை உகாண்டா கண்டது. அங்கு 1990-களில் மரவள்ளியைச் சூறையாடிய கொள்ளைநோயின் பின்னணியில், இரு ஆப்பிரிக்க வைரஸ்களின் மறுசேர்க்கையில் உருவான வகை இருந்தது 1997-ல் தெரியவந்தது. இலங்கை வைரஸும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2015-ல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவியது.

வெள்ளை ஈ நோயைப் பரப்புகிறது. ஆயினும் பெரும் பங்கு விதைக்குச்சிக்கே உண்டு. மரவள்ளி விதையால் அன்றித் தண்டுத் துண்டுகளால் பயிரிடப்படுவதால், தாய்ச்செடியின் வைரஸ் அடுத்த பருவத்துக்கும் அப்படியே செல்கிறது. நோயுற்ற குச்சியை நட்டால், ஈ வழியாகப் பின்னர் நோய் தொற்றும் செடியைவிட இழப்பு அதிகம். ஒரே குச்சியில் இரு வைரஸ்களும் இருந்தால், மறுசேர்க்கைக்கான வாய்ப்பும் ஆண்டுதோறும் நீடிக்கிறது. குச்சிகள் அண்டைத் தோட்டங்களுக்குக் கைமாறும் வழக்கம் இதை மேலும் எளிதாக்குகிறது.

திருவனந்தபுரத்தில் 1963-ல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், நுனித்திசு வளர்ப்பு மூலம் வைரஸ் அற்ற நாற்றுகளை உருவாக்குவதுடன், ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா உள்ளிட்ட எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களையும் வெளியிட்டுள்ளது. பிற ரகங்களைப் பயிரிடுவோர், அறிகுறியற்ற செடிகளில் மட்டுமே குச்சி எடுக்க வேண்டும். முளைத்த சில வாரங்களிலேயே தேமல் தென்படும் செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.