மூவாயிரம் பிள்ளைகளும் ஒரு படப்பெட்டியும்

எங்க ஆயாவுக்கு அரசாங்கம் ஒரு அலுமினியப் பெட்டி கொடுத்திருந்தது. உள்ளே கத்தரி, கொடி கட்ட நூல், சோப்பு, நகம் தேய்க்கிற பிரஷ், ஒரு ரப்பர் ஷீட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்து, கடைசி நாள் வரிசையா நிக்க வச்சு போட்டோ பிடிச்சு, பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினாங்க. அதுக்கு முன்னாலேயே ஆயா இருபது வருஷத்துக்கு மேலா பிள்ளை எடுத்துக்கிட்டுதான் இருந்தது. பயிற்சியில என்னா சொல்லிக் கொடுத்தாங்க ஆயா என்று கேட்டால், "கை கழுவச் சொன்னாங்க கண்ணு. நாம அழுக்குப் பிடிச்சவளுங்களாம்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிக்கும்.

ஊர்த்தெருவுக்கு மருத்துவச்சி தனி. மருத்துவர் சாதிப் பெண். சேரிக்கு எங்க ஆயா. ஆனால் அந்த அம்மாவுக்கு முடியாத ராத்திரிகளில், பிள்ளை குறுக்கே கிடக்கிற ராத்திரிகளில், ஊர்த்தெரு ஆம்பளைங்க அரிக்கேன் விளக்கோடு சேரி முனையில் வந்து நின்று கூப்பிடுவார்கள். கொல்லைப்புறம் வழியாகத்தான் உள்ளே போகணும். பிள்ளை வெளியே வருகிறவரைக்கும் யாருக்கும் தீட்டு ஞாபகம் இருக்காது. அது வீறிட்டு அழுததும் தீட்டு வந்துவிடும். நஞ்சுக்கொடியைப் புதைத்து, ரத்தத் துணியை அலசிப் போட்டு, எட்ட நின்று ஒரு படி நெல்லும் ஒரு பழைய சேலையும் வாங்கிக்கொண்டு விடியறதுக்குள்ள திரும்பிவிடணும். அந்தக் கை தொட்டு எடுத்த பிள்ளை வளர்ந்து பெரியாளாகி, அந்தக் கை மோந்த தண்ணியைக் குடிக்காது.

இதையெல்லாம் மறுபடி கிளறிவிட்டது ஒரு அமெரிக்கப் படம். பெயர் 'ஆல் மை பேபிஸ்'. எல்லாம் என் பிள்ளைங்க என்று அர்த்தம். 1952-ல் எடுத்து 1953-ல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கறுப்பு வெள்ளைப் படம். ஜார்ஜியா மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறைக்காக ஜார்ஜ் ஸ்டோனி என்ற வெள்ளைக்காரர் எடுத்தார். அவரும் தெற்கத்திக்காரர்தான், வட கரோலினா. படத்தின் நாயகி மேரி கோலி. ஆல்பனி என்ற ஊரின் கறுப்பு மருத்துவச்சி. 1900-ல் பிறந்து 1966-ல் இறந்தவர். வாழ்நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்தவர். படத்தில் அவரே அவராக நடிக்கிறார். நடிக்கிறார் என்று சொல்வதும் சரியில்லை, அவர் தன் வேலையைப் பார்க்கிறார், காமிரா பக்கத்தில் நிற்கிறது.

அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்கில் ஆஸ்பத்திரியும் நிறம் பார்த்துத்தான் ஆளைச் சேர்க்கும். கறுப்பர்களுக்குத் தனி வார்டு, இல்லாவிட்டால் இடமே கிடையாது. டாக்டருக்குக் கொடுக்கக் காசும் கிடையாது. ஆகவே பிள்ளைப்பேறு வீட்டில், கறுப்பு மருத்துவச்சி கையில். வெள்ளை ஏழைகள் வீட்டுக்கும் இந்தப் பெண்கள் போயிருக்கிறார்கள். 'கிரானி', அதாவது கிழவி, என்று அவர்களுக்குப் பேர். 1921-ல் வந்த ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்தின் பணத்தில் இவர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார்கள். 1929-ல் அந்தச் சட்டம் காலாவதியான பிறகும் மாநிலங்கள் விடவில்லை. உரிமச் சீட்டு, வெள்ளை ஏப்ரன், தொப்பி, ஒரு பை. கூட்டத்துக்கு வரும்போது பையைத் திறந்து காட்டணும். நர்ஸ் சோதனை போடுவார். அதில் பச்சிலை, வேர் ஏதாவது இருந்தால் போச்சு, சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். எங்க ஆயாவின் பெட்டியும் இப்படித்தான். கம்பங்கொல்லைக்கும் பருத்திக்காட்டுக்கும் எத்தனையோ ஆயிரம் மைல், பெட்டி மட்டும் ஒரே பெட்டி.

படத்தில் சேர்க்க வேண்டும் என்று ஸ்டோனியிடம் 118 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்திருந்தார்கள். கத்தரியைக் கொதிக்க வைப்பது, நகம் வெட்டுவது, கண்ணில் மருந்து விடுவது, இப்படி. படத்தில் ஒரு கூட்டம் வருகிறது. மருத்துவச்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை செத்துப்போனதைப் பற்றி, யாரோ ஒருத்தியின் கவனக்குறைவைப் பற்றி டாக்டர் பேசுகிறார். தலை குனிந்து கேட்கிறார்கள். கத்தரியைக் கொதிக்க வைப்பதில் உயிர் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அழுக்குக் கத்தியால் கொடி அறுத்து ரண ஜன்னி வந்து போன பிள்ளைகள் எங்க சேரியிலும் உண்டு. ஆயா கையிலேயே செத்த பிள்ளைகள் உண்டு, தாயும் உண்டு. என் கேள்வி வேறு. அந்தப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத ஆஸ்பத்திரியைப் பற்றி 118-ல் ஒரு குறிப்பாவது இருந்ததா? படத்தில் அது இல்லை. குற்றம் முழுக்க மருத்துவச்சியின் கையில், அவள் நகத்தில்.

ஆனால் பாருங்கள், மேரி கோலி வந்து நின்றதும் அந்தப் பட்டியல் பின்னால் போய்விடுகிறது. நல்ல கனமான உடம்பு. நிதானமான குரல். இரண்டு வீடுகளுக்குப் போகிறார். ஒன்று எல்லாம் தயாராக இருக்கிற வீடு. இன்னொன்று ஒன்றுமே இல்லாத வீடு, முன்பே பிள்ளையைப் பறிகொடுத்து எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிற பெண். அந்தப் பெண்ணை அவர் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். முதல் வீட்டில் பிள்ளை பிறப்பதை மறைக்காமல், வெட்டாமல் காட்டுகிறார்கள். 1953-ல்!

அங்கேதான் விநியோகச் சிக்கல். நம்ம ஊரில் படப்பெட்டி என்று சொல்வோமே, பஸ் மேலே ஏற்றி டூரிங் கொட்டாய்க்கு அனுப்புவார்களே, அந்த மாதிரி இந்தப் பெட்டியும் ஊர் ஊராகப் போனது. ஆனால் குறிப்பிட்ட வாசல்களுக்கு மட்டும். மருத்துவச்சிப் பயிற்சி வகுப்பு, நர்ஸ் பள்ளி, மருத்துவக் கல்லூரி. வெளிநாடுகளில் பயிற்சிக்கும் பயன்பட்டது. பொதுமக்கள் முன்னால் போடுவதற்குத்தான் தயக்கம். பிரசவம் பொதுவில் பார்க்கத் தகாத காட்சியாம். ஆக, ஒரு கறுப்புப் பெண்ணின் உடம்பு திறந்து கிடப்பதை மருத்துவ மாணவன் பாடமாகப் பார்க்கலாம். அதே தெருவில் பிள்ளை பெறப்போகும் இன்னொரு கறுப்புப் பெண் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்க முடியாது. யார் பார்த்தால் அறிவு, யார் பார்த்தால் ஆபாசம் என்று தீர்மானிக்கிறவன் கையில்தான் படப்பெட்டியின் சாவி இருந்தது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கலாம். 1951 டிசம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் யூஜின் ஸ்மித் எடுத்த புகைப்படக் கட்டுரை வந்தது. தென் கரோலினாவின் மாட் காலன் என்ற கறுப்பு நர்ஸ்-மருத்துவச்சி பற்றியது. அந்தப் பத்திரிகை நாடு முழுக்கப் போகும். வாசகர்கள் அனுப்பிய பணம் இருபதாயிரம் டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் 1953-ல் அவருக்கு ஒரு கிளினிக் கட்டிக் கொடுத்தார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே பணத்தை அனுப்பிய ஊர்களில் கறுப்புப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கொடு என்று எத்தனை பேர் கடிதம் எழுதியிருப்பார்கள்? படம் எத்தனை பேரிடம் போகிறது என்ற கணக்கு மட்டும் போதாது என்று எனக்குப் படுகிறது. பார்த்தவன் இரக்கப்பட்டுக் காசு போட்டுவிட்டு எழுந்து போகலாம். நாமும் நம் பங்குக்கு இப்படிப்பட்ட கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம், ஏ.சி. அரங்கில்.

மேரி கோலியின் ஆல்பனியில்தான் 1961 கடைசியில் நிறவெறிக்கு எதிரான பெரும் போராட்டம் வெடித்தது. மார்ட்டின் லூதர் கிங் அங்கே கைதானார். அன்று ஊர்வலம் போன இளைஞர்களில் அவர் கையில் பிறந்த சிலர் இருந்திருக்கக்கூடும். 1964-ன் சிவில் உரிமைச் சட்டமும், அதன் பின்னால் வந்த மெடிகேர் பணமும்தான் தெற்கத்தி ஆஸ்பத்திரிகளின் கதவைத் திறந்தன. கதவு திறந்தது சரி. அந்தக் கதவு வழியாகக் கறுப்பு மருத்துவச்சியை வேலைக்கு உள்ளே விட்டார்களா? இல்லை. மாநிலங்கள் சீட்டைப் புதுப்பிக்காமல் ஓய்ந்து போக வைத்தன. அலபாமாவில் 1976-ல் சட்டம் போட்டே முடித்தார்கள். பயிற்சி கொடுத்தது, பை கொடுத்தது, படம் எடுத்தது எல்லாம் டாக்டர் வருகிறவரைக்கும்தான். படம் மட்டும் தப்பித்தது. 2002-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். 2021-ல் அதே நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்புத் தாய்மார்கள் 69.9 பேர் செத்தார்கள், வெள்ளைத் தாய்மார்கள் 26.6 பேர். ஆஸ்பத்திரிக்குள் போன பிறகும் இந்த வித்தியாசம்.

ஸ்டோனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். பிற்பாடு அவர் வாழ்க்கை முழுக்க இந்தச் சாவி விவகாரத்திலேயே போனது. 1968-ல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் 'சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்' திட்டத்தின் பொறுப்புக்குப் போனார். மோஹாக் பழங்குடிகள் பாலத்தை மறித்த போராட்டத்தை அவர்கள் ஆட்களே சேர்ந்து படமெடுத்தார்கள். எடுத்ததை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பிறகு நியூயார்க்கில், ஊர்மக்களே நிகழ்ச்சி செய்து கேபிளில் ஒளிபரப்பும் உரிமைக்காக நின்றார். 2012-ல் இறந்தார். மேரி கோலியின் படப்பெட்டி போகாத வாசல்கள் அவர் மனசில் உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

இன்று இந்தப் படம் இணையத்தில் யாருக்கும் கிடைக்கிறது. ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து எங்க சேரியில் போட்டோம். அதற்கே பெரிய பஞ்சாயத்து. மன்றத்துப் பசங்க, "அக்கா, அந்த சீனை மட்டும் தள்ளிடுங்க, பொம்பளைங்க ஒக்காந்திருப்பாங்க" என்றார்கள். எனக்கு ஜார்ஜியா ஞாபகம் வந்தது. பொம்பளைங்களையே கேட்போம் என்றேன். மருத்துவச்சியாக இருந்து ஓய்ந்த ஒரு ஆயா, "பெத்தவ நானு. நான் பாக்கக் கூடாதா? ஆம்பளைங்கதான் பாக்கணும், அப்பதான் தெரியும்" என்றது. ஆண்கள் பின்னால் நின்றார்கள். பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். வசனம் தெற்கத்தி ஆங்கிலம், தமிழில் எழுத்தும் கிடையாது. நானே மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிரசவக் காட்சி வந்தபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கிழவிகளே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "முக்காதடி, மூச்ச விடு, மூச்ச விடு."

முடிந்ததும் அதே ஆயா முதலில் கேட்டது இதுதான்: "அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிச்சாம்மா, எல்லாரும் பாக்கறதுக்கு?" தன் வீட்டில் காமிராவை அனுமதித்தது ஒன்று, எழுபது வருஷம் கழித்து விழுப்புரம் பக்கத்தில் ஒரு சேரிச் சுவரில் தெரிவது இன்னொன்று. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆவணப்படம் எடுக்கிற தோழர்கள் நம் பெண்களிடம் கையெழுத்து வாங்கும்போது, படம் எங்கெல்லாம் போகும் என்று சொல்லி வாங்குகிறோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஒரு சின்னப் பொண்ணு எழுந்தது. இருபத்திரண்டு வயசு இருக்கும், இடுப்பில் பிள்ளை. "இந்தம்மா அடிக்கல பாத்தீங்களா" என்றது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தது. பிரசவ வார்டில் வலியில் கத்தினதுக்குத் தொடையில் அடி. "படுக்கும்போது இனிச்சுதா" என்கிற பேச்சு. எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு முகம் சுளிக்கிற ஆயாம்மா. கேட்காமலேயே காப்பர்-டி போட்டது. பெண் பிள்ளை என்றால் இவ்வளவு, ஆண் பிள்ளை என்றால் இவ்வளவு என்று குழந்தையைக் காட்டக் கேட்கிற காசு. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, 44.9 அறுவை சிகிச்சை. நம் மாநிலத்தின் சாதனை இது, தாய்மார்கள் பிழைக்கிறார்கள், எங்க ஆயா காலத்தோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்த 99.6-க்குள் அடி வாங்கினவர்கள் எத்தனை பேர் என்று கேட்க அந்தக் கணக்கெடுப்புத் தாளில் கட்டம் இல்லை.

வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஓய்ந்துபோன அந்த ஆயாவே சொல்லவில்லை. "டாக்டரு வேணும். ஆனா பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தி நிக்கணும்" என்றது. அதை மனுவாக எழுதினோம். பதினேழு பேர் கையெழுத்து, ஐந்து பேர் கைநாட்டு. பிரசவ அறைக்குள் ஒரு துணைப் பெண்ணை விட வேண்டும், அடித்தால் புகார் எழுத ஒரு நோட்டு வாசலில் இருக்க வேண்டும். மனு கொடுத்து நாலு மாசம் ஆகிறது.

எங்க ஆயாவின் அலுமினியப் பெட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது சாகிறவரைக்கும் அதில் வெற்றிலை, பாக்கு, முதியோர் பென்ஷன் சீட்டு இருந்தன. இப்போது என்னிடம் இருக்கிறது.

புரொஜெக்டரைக் கட்டும்போது அந்தச் சின்னப் பொண்ணு வந்து, "அக்கா, எனக்கு ஒரு காப்பி ஏத்திக் குடுங்க. எங்க மாமியா பாக்கல, அதுக்குக் காட்டணும்" என்று செல்போனை நீட்டியது. அதில் இடம் இல்லை. ரெண்டு சினிமாப் படத்தை அழிக்கச் சொல்லி ஏற்றிக் கொடுத்தேன்.